வீட்டுப் பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் எழுபதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் இதை இப்போதே ஒரு தடவை படித்து வையுங்கள். விழுந்த அன்று படிக்க நேரமிருக்காது. செக்கானூரணிப் பக்கம் ஊரில் எங்கள் அப்பத்தா விடியற்காலையில் கொல்லைப்புறம் போனபோது விழுந்தார். ஆபரேஷன் முடிந்து அவர் வாக்கரைப் பிடித்து நடக்கும்வரை அலைந்தது நானும் சித்தப்பாவும்தான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, ஊசி விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதுதான் இங்கே இருக்கிறது.

ஒரு கணக்கை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு தாங்கும் நிலையில் இருப்பவருக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்து 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். இங்கிலாந்தில் 36 மணி நேரத்தையே அளவாக வைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சளி கட்டும், முதுகுக்குக் கீழே புண் வரும், காலில் ரத்தம் உறையும். தாமதம் என்றதும் நாம் டாக்டரைத்தான் திட்டுவோம். ஆனால் ரேஷன் கார்டு, ரத்தம், இதய டாக்டரின் ஒரு கையெழுத்து, சொந்தக்காரர்களின் பஞ்சாயத்து என்று பாதித் தாமதம் நம் பக்கத்திலேயே நடக்கிறது. அதையெல்லாம் குடும்பத்தாரால் குறைக்க முடியும்.

1. விழுந்த இடத்தில்

விழுந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது, காலை நேராக வைத்துத் தூக்கச் சொன்னால் முடியவில்லை என்றால் அது இடுப்பு முறிவு என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். காலை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோவில் உட்காரவைத்து, அதுவும் வேகத்தடை நிறைந்த ஊர்ச்சாலையில் கொண்டுபோவது கொடுமை. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் சொந்தக் காரில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆம்புலன்ஸ்தான் வழி வாங்கும்.

டாக்டர் கேட்கப்போகும் இரண்டு கேள்விகளுக்கு அங்கேயே விடை தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, விழுந்து எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார். ராத்திரி முழுக்கக் கிடந்திருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். இரண்டாவது, ஏன் விழுந்தார். கால் இடறியதா, கண் இருட்டியதா? மயக்கம் வந்து விழுந்திருந்தால் இதயத்தையும் சர்க்கரையையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். "வழுக்கிட்டாங்க" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

கட்டு வைத்தியரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் விரிசல் என்றால் முட்டைப் பத்து போட்டு ஆறியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்புக் குழிக்குள் பொருந்தும் பந்துக்குக் கீழே இருக்கும் குறுகலான பகுதி, முறிந்தால் கதையே வேறு. பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே அங்கே அறுந்துபோகலாம். வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது ஒட்டாது. "மூணு கட்டுப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் போகலாம்" என்று ஒருவர் சொல்வார். அதைக் கேட்டால் 48 மணி நேரமும் அங்கேயே போய்விடும்.

2. எந்த ஆஸ்பத்திரி

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கும். எக்ஸ்ரே, வலி ஊசி, டிரிப் அங்கேயே கிடைக்கும். ஆனால் போன உடனே கேட்க வேண்டியது இது: "இந்த ஆபரேஷன் இங்க பண்றீங்களா, எப்ப பண்ணுவீங்க?" இல்லை என்றால் படுக்கை பிடித்து ஒரு ராத்திரி தங்குவதில் அர்த்தமில்லை. மதுரைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். பரிந்துரைச் சீட்டு, எடுத்த எக்ஸ்ரே, போட்ட ஊசியின் பெயரும் நேரமும் மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மதுரையில் அரசு வழி என்றால் கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனை, நம்ம பேச்சில் பெரியாஸ்பத்திரி. தனியார் என்றால் பெயரைப் பார்த்துப் போகாமல் போன் செய்து நாலு கேள்வி கேளுங்கள். எலும்பு டாக்டர் தினமும் இருக்கிறாரா? மயக்க டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் வருவாரா? அவசர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா? உங்களிடம் இருக்கும் காப்பீடு எலும்பு ஆபரேஷனுக்கு அங்கே செல்லுமா? கடைசிக் கேள்வி முக்கியம். முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்று போர்டு இருக்கும். ஆனால் கண்ணுக்கோ சிறுநீரகத்துக்கோ மட்டும் சேர்ந்திருக்கும். உள்ளே படுத்த பிறகு தெரிந்தால் திரும்பவும் ஆம்புலன்ஸ்தான்.

3. காகிதப் பை

ஒரு மஞ்சப்பை போதும். அதில் இருக்க வேண்டியவை:

விழுந்தவரின் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை (எது இருந்தாலும்), எல்லாவற்றுக்கும் ஐந்தாறு நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ. கூட இருப்பவரின் ஆதாரும் வேண்டும். பழைய ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எது கிடைத்தாலும் எடுத்துப் போடுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சின்ன ரோஸ் மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நாட்டு மருந்துப் பொடி, கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பையில் மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல் செட்டும் இருக்கட்டும். எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

4. காப்பீடு

ஆளுக்கு ஆள் நிலைமை மாறும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இடுப்பு ஆபரேஷன் அதற்குள் அடங்கும். அட்டை எடுக்கக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய்த்தான் கையெழுத்தாகி வரும். அட்டைப் பதிவு மதுரை கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்தில். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணம் இல்லாத எண். ஏற்கெனவே அட்டை எடுத்து எங்கேயோ தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். குடும்ப அட்டை எண்ணை வைத்தே கணினியில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. பெரியவரின் பெயர் எந்தக் குடும்ப அட்டையில் இருக்கிறது? இருப்பது இளைய மகன் வீட்டில், பெயர் இருப்பதோ திருப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகனின் அட்டையில் என்றால், செல்லுபடியாவது மூத்த மகன் வீட்டுக் காப்பீடுதான். அப்பத்தா பெயர் பெரியப்பா அட்டையில் இருந்தது. அவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், வெளிச்சம் பட்டுப் பாதி எண் தெரியவில்லை. அதைச் சரிசெய்யவே அரை நாள் போனது. அடுத்தது பெயர்ப் பிழை. ஆதாரில் "பேச்சியம்மாள்", குடும்ப அட்டையில் "பேச்சி" என்று இருந்தால் காப்பீட்டுக் கவுண்டரில் நிற்கவேண்டி வரும். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே இதைத் திருத்திவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே அங்குள்ள காப்பீட்டு மேஜைக்குப் போய், முன் அனுமதிக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள். எக்ஸ்ரே போட்டோ ஏற்றவில்லை, டாக்டர் சீல் இல்லை என்பது மாதிரிச் சில்லறைக் காரணத்துக்கு அது திரும்பி வரும். யாராவது பின்னாலேயே நின்றால்தான் நகரும். அரசு ஆஸ்பத்திரியிலும் அட்டை கேட்பார்கள். உள்ளே வைக்கும் கம்பி, பந்துக்கான பணத்தை பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் எடுக்கிறார்கள். தனியாரில் இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் அந்த ஆபரேஷனுக்கு நிர்ணயித்த தொகைக்கு மேல் உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. கேட்டால் மேலே சொன்ன எண்ணுக்கே புகார் சொல்லலாம்.

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 5 லட்சம் வரை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபரில் தொடங்கியது. நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் அதை எடுக்கிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஆசிரியர், அல்லது அவர்களின் கணவன், மனைவி என்றால் ஓய்வூதியர் காப்பீடு இருக்கும். ரயில்வே, ராணுவம் என்றால் அவரவர் வழி தனி.

சொந்தமாகக் கட்டும் மெடிக்கிளைம் இருந்தால், சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பணமில்லா சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் உத்தரவு போட்டிருக்கிறது. இழுத்தடித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். அறை வாடகைக்குப் பாலிசியில் வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறை எடுங்கள். வரம்பை மீறினால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம்வரை அதே விகிதத்தில் குறைப்பார்கள்.

"48 மணி நேரம் இலவசம்னு சொன்னாங்களே" என்று ஒருவர் வருவார். இன்னுயிர் காப்போம் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். குளியலறையில் விழுந்தவருக்குக் கிடையாது. காப்பீட்டை நினைத்து பைக் மோதியதாகச் சொல்லிவைத்தால் விபத்துப் பதிவேடு, போலீஸ் என்று போகும், மெடிக்கிளைமும் நின்றுவிடும். நிஜமாகவே வண்டி மோதியிருந்தால் அதை முதல் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

5. எக்ஸ்ரே

பெரும்பாலும் ஒரே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். தெரியாத முறிவும் உண்டு. "எக்ஸ்ரே நார்மல், சதைப் பிடிப்புதான்" என்று அனுப்பிவைத்து, வீட்டுக்கு வந்தும் பெரியவரால் காலை ஊன்ற முடியவில்லை என்றால் திரும்பப் போய் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் கேளுங்கள். எலும்பு விலகாமல் இருக்கும் விரிசல், நடக்க நடக்க விலகிப் பெரிய ஆபரேஷனில் கொண்டுபோய் நிறுத்தும்.

முறிந்த இடத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பந்துக்குக் கீழே கழுத்தில் முறிந்து விலகியிருந்தால், பெரியவர்களுக்குப் பழைய பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பார்கள். விலகாமல் இருந்தால் ஸ்க்ரூ போதலாம். கழுத்துக்குக் கீழே, எலும்பு பருத்த இடத்தில் முறிந்தால் கம்பியோ பிளேட்டோ போட்டுச் சேர்ப்பார்கள். செலவு, ரத்தம், எப்போது காலை ஊன்றலாம் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

6. குடும்பப் பஞ்சாயத்து

எங்கள் அத்தை வார்டு வாசலில் நின்று கேட்டார்: "எம்பது வயசுல அறுக்கணுமா? இருக்கிறவரைக்கும் படுக்க வச்சுப் பாத்துக்கிறோம்." பாசத்தில் கேட்டதுதான். மயக்க டாக்டர் கோபப்படாமல் பதில் சொன்னார்: "படுக்க வச்சா வலியோடதாம்மா படுத்திருப்பாங்க. ஒருக்களிச்சுப் படுக்க முடியாது, பெட்பேன் வைக்கிற ஒவ்வொரு தடவையும் கத்துவாங்க. நடக்கறதுக்கு மட்டும் இல்ல, வலி போறதுக்கும்தான் இந்த ஆபரேஷன்." அதற்கு மேல் அத்தை பேசவில்லை.

பெரியவரின் உடல் ஏற்கெனவே கடைசிக் கட்டத்தில் இருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்பதும் சரியான முடிவுதான். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். வயதை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தில் "ஹை ரிஸ்க்" என்று எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். பார்த்ததும் குடும்பமே பின்வாங்கும். ஆபத்து இருப்பது உண்மை. வெளிநாட்டுக் கணக்குகளில்கூட இடுப்பு முறிந்த பெரியவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். ஆபரேஷன் செய்யாமல் விட்டால் அந்த ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. பெரியவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரிடம் சொல்லி அவரிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அவர் உடம்பு அது.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும் என்று நிறுத்தாதீர்கள், வீடியோ காலில் டாக்டரோடு பேசவையுங்கள். அஷ்டமி, நவமி பார்த்தும் நிறுத்த வேண்டாம். தியேட்டர் பட்டியலில் ஒரு தடவை பெயர் தள்ளிப்போனால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

7. ஃபிட்னஸ் வாங்குவது

உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் என்று டாக்டர்கள் எழுதித் தருவதைத்தான் ஃபிட்னஸ் என்பார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் நாட்கள் அதிகம் வீணாவது இங்கேதான். ரத்தம், சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), உப்பு அளவு, ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முதல் சில மணி நேரத்தில் முடியக்கூடியவை. ரத்தம் எடுத்த நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, ரிசல்ட் வந்ததா என்று நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள். சீட்டு லேபில் தயாராக இருக்கும், வார்டுக்கு வந்திருக்காது.

அடுத்தது இதய டாக்டர் பார்த்து எழுத வேண்டும் என்பார்கள். எக்கோவுக்காக ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ வழிமுறை. மூச்சிரைப்பு, இதய வால்வில் புதிதாகக் கேட்ட சத்தம் மாதிரி குறிப்பான காரணம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். "எக்கோ முடிவு வந்தா ஆபரேஷன் முறையில எதாவது மாறுமா சார்? வெயிட் பண்ணாம முடியுமா?" என்று மயக்க டாக்டரிடம் பணிவாகக் கேட்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அன்றைக்கே எடுக்க வழி பாருங்கள்.

ரத்தம் இளகும் மாத்திரை அடுத்த முட்டுக்கட்டை. ஆஸ்பிரினுக்காக நிறுத்திவைக்கத் தேவையில்லை. கிளோபிடோக்ரெல் என்றாலும் ஒரு வாரம் காக்கவைப்பது இப்போதைய வழக்கம் இல்லை. ஆனால் முதுகில் ஊசி போடலாமா, முழு மயக்கமா என்பது அதனால் மாறலாம். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்வார்கள். அபிக்ஸபான் வகை என்றால் ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டியிருக்கும். எந்த மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற தகவலை முதல் சீட்டிலேயே எழுதவைத்துவிட்டால் அந்தக் கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கிவிடும். மறுநாள் ரவுண்ட்ஸில் கண்டுபிடித்தால் ஒரு நாள் போச்சு.

ரத்தம் ஒன்றிரண்டு யூனிட் தயாராக வைக்கச் சொல்வார்கள். ரத்த வங்கியில் பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்கலாம். சேர்ந்த அன்று சாயங்காலமே இரண்டு மருமகன்களைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ரத்தத்துக்கு விலை பேசுபவரிடம் போகாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியதில்லை. லேபுக்கு ஒருவர், காப்பீட்டு மேஜைக்கு ஒருவர், பெரியவர் பக்கத்தில் ஒருவர் என்று மூன்று பேர் பிரித்துக்கொண்டால் எல்லாம் ஒரே நாளில் முடியும்.

8. காத்திருக்கும் மணி நேரங்கள்

வலி: முதியவர் முனகாமல் கிடந்தால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. வந்த உடனே வலி மருந்து கேளுங்கள். தொடை இடுக்கில் நரம்பை மரக்கவைக்கும் ஊசி ஒன்று உண்டு. போட்டால் பல மணி நேரம் நிம்மதி. இங்கே போடுவார்களா என்று கேட்பதில் தப்பில்லை. மெடிக்கலில் நீங்களே வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகத்துக்கு ஆகாது.

பட்டினி: கெட்டியான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேர இடைவெளி போதும் என்பது மயக்க மருத்துவத்தில் பொதுவான கணக்கு. நடப்பது வேறு. ராத்திரி பத்து மணியிலிருந்து ஒன்றும் கொடுக்காதே என்பார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு "இன்னிக்கு லிஸ்ட் முடிஞ்சது" என்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு இது ஆபத்து. காலையிலேயே சிஸ்டரிடம் "எத்தனாவது கேஸ்? தண்ணி எப்ப வரைக்கும் குடுக்கலாம்?" என்று கேளுங்கள். தள்ளிப்போனது தெரிந்த நிமிஷமே சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டுக் கொடுங்கள்.

புண்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிஸ்டர் உதவியோடு கொஞ்சமாவது சாய்த்துவிட வேண்டும். கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிகாலில் வரும் புண்தான் கடைசிவரை ஆறாது. காற்று மெத்தை 2,000 ரூபாயிலிருந்து கிடைக்கும், வாடகைக்கும் தருகிறார்கள்.

புத்தி தடுமாற்றம்: ராத்திரி திடீரென்று "மாட்டுக்குத் தண்ணி காட்டலயா?" என்று எழப் பார்ப்பார். டிரிப் ஊசியைப் பிடுங்குவார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். வலி, பட்டினி, மலச்சிக்கல், தூக்கமின்மை, புது இடம் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது இது. டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், காரணம் தேடுவார்கள். கட்டிலோடு கையைக் கட்டவிடாதீர்கள். கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான். கண்ணும் காதும் தெளிவாக இருந்தால் பாதித் தடுமாற்றம் குறையும். ராத்திரிக்கு ஆள் மாற்றி ஆள் வராமல், அவருக்குப் பழகிய ஒரே முகம் கூட இருப்பது நல்லது.

9. செலவு

பெரியாஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. வெளியே ஆகும் செலவு கூட இருப்பவர்களின் சாப்பாடு, ஆட்டோ, டயப்பர், சில சாமான்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு என்று எந்த ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு ஆஸ்பத்திரிப் புகாருக்கு 104.

தனியாரில் நான் விசாரித்தவரை ஒரு லட்சத்தை ஒட்டி ஆரம்பித்து, ஐ.சி.யூ. நாட்கள் சேர்ந்தால் இரண்டு மூன்று லட்சம்வரை போகிறது. "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னதும் தலையாட்டாமல் எழுதி வாங்குங்கள். உள்ளே வைக்கும் பந்தோ கம்பியோ அதில் சேர்த்தியா? ரத்தம், மயக்க டாக்டர், பிசியோதெரபி, மருந்துக்கடை பில் சேர்த்தியா? ஐ.சி.யூ. ஒரு நாளைக்கு எவ்வளவு? "வெளிநாட்டு இம்பிளான்ட் போட்டா இன்னும் நல்லது" என்று வந்தால், இவர் வயதுக்கும் நடமாட்டத்துக்கும் அதனால் என்ன கூடுதல் லாபம் என்று கேளுங்கள். எண்பது வயதில் வீட்டுக்குள் நடப்பவருக்கு அந்தக் கூடுதல் பணத்தை நல்ல பிசியோதெரபிக்கும் குளியலறைக் கைப்பிடிக்கும் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

இம்பிளான்ட் பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஸ்டிக்கரை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதன் நகலையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். மெடிக்கிளைமுக்கு அது இல்லாமல் நடக்காது. பின்னால் வேறு டாக்டர் கம்பியை எடுக்கவோ ஸ்கேன் எடுக்கவோ நேர்ந்தாலும் அதைத்தான் கேட்பார்.

10. மறுநாள் காலை

ஆபரேஷனுக்கு மறுநாளே உட்காரவைத்து, வாக்கரோடு நிற்கவைக்க வேண்டும். டாக்டர் வேறு காரணம் சொன்னாலொழிய இதுதான் நல்ல ஆஸ்பத்திரியின் நடைமுறை. "பாவம், ரெண்டு நாள் படுக்கட்டும்" என்று நாமே தடுத்துவிடுவோம். தடுக்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி முன்னால் வலி மருந்து போடச் சொன்னால் ஒத்துழைப்பார். முழு எடையையும் காலில் வைக்கலாமா, பாதி எடையா என்பதை கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு டாக்டர் ஊன்றலாம் என்பார், ஞாயிற்றுக்கிழமை டூட்டி டாக்டர் வேண்டாம் என்பார். எழுத்தில் இருந்தால் குழப்பம் இல்லை. யூரின் டியூபை எப்போது எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். கிடக்கக் கிடக்கக் கிருமி சேரும்.

சாப்பாட்டில் கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். முட்டை, பருப்பு, மீன், பால் என்று புரதம் போக வேண்டும்.

11. டிஸ்சார்ஜ் அன்று

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். எந்தப் பக்கக் கால், என்ன ஆபரேஷன், எடை ஊன்றும் அளவு, தையல் பிரிக்கும் தேதி (பொதுவாக இரண்டு வாரத்தையொட்டி), அடுத்த எக்ஸ்ரே தேதி (பொதுவாக ஆறாவது வாரம்), நிறுத்தி வைத்த மாத்திரைகளை எப்போது திரும்பத் தொடங்குவது எல்லாம் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியோ மாத்திரையோ வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும், மொத்தம் ஒரு மாதத்தையொட்டி. சம்மரியில் அது இல்லை என்றால் மறந்துவிட்டார்களா, வேண்டாம் என்றே விட்டார்களா என்று கேளுங்கள். எக்ஸ்ரே படங்களைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள்.

12. வீட்டில்

செயற்கைப் பந்து வைத்தவர் முதல் சில மாதம் தரையில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, குனிந்து கீழே கிடப்பதை எடுக்கக் கூடாது, இந்தியன் கக்கூஸில் குந்தக் கூடாது. எது எத்தனை நாள் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்வார். பாயில் படுத்து, முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தவருக்கு இது பெரிய மாற்றம். சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும். முழங்காலை விட உயரமான கட்டில், கைப்பிடி வைத்த நாற்காலி, கமோடு நாற்காலி (1,500 முதல் 3,500 ரூபாய்), சக்கரம் இல்லாத வாக்கர் (1,000 ரூபாய் சுமாருக்கு) நாலையும் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே வீட்டில் சேர்த்துவிடுங்கள். கால்மிதியை எடுத்துவிடுங்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

பிசியோதெரபிஸ்டைத் தினம் வரவழைக்க வசதி இல்லை என்றால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கே வந்து பயிற்சி தருவது அந்தத் திட்டத்தில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்றைக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்தால் போதும்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், தையலில் சீழோ காய்ச்சலோ வந்தால், கால் மறுபடியும் குட்டையாகி அசைக்க முடியாமல் போனால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கிளம்புங்கள்.

13. அடுத்த எலும்பு

விழுந்ததும் இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே அடர்த்தி குறைந்து தேய்ந்து போயிருக்கிறது (ஆஸ்டியோபோரோசிஸ்). ஆபரேஷன் அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்யாது. அதற்கு மருந்து தனி. ஆனால் டிஸ்சார்ஜ் அவசரத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கால்சியம் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. வாரம் ஒரு மாத்திரை அல்லது வருடம் ஒரு தடவை நரம்பில் ஏற்றும் ஜோலிட்ரோனிக் அமில ஊசி என்று வழிகள் உண்டு. இடுப்பு ஆபரேஷன் முடிந்த 90 நாளுக்குள் இந்த ஊசியைத் தொடங்கியவர்களுக்கு மறு முறிவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததை 2007-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம், வைட்டமின் டி, கால்சியம் அளவு மூன்றையும் பார்ப்பார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடிக்கச் சொல்வார்கள்.

ஆறாவது வார எக்ஸ்ரேக்குப் போகும்போது இந்தக் கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்: "எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து தொடங்கலாமா, எது, எப்போது?" ஊசி போட்டால் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அடுத்த ஊசி சரியாக ஒரு வருடம் கழித்து.